டிஏசியில் ஃபில்டரை நாமே எழுதினால் காதுக்குத் தெரியுமா?

ஜனவரி 4, இரவு 10.40 (ஈரோட்டிலிருந்து வந்த கேள்வி)

ஈஎஸ்9038க்யூ2எம் என்கிற டிஏசி சிப் (டிஜிட்டல் பாட்டை மின் அலையாக மாற்றுவது) உள்ள போர்டு ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்து முடித்தேன். சிப்பில் இருக்கிற ஏழு ஃபில்டரையும் மாற்றி மாற்றிக் கேட்டாயிற்று. வித்தியாசம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. அதே சிப்பில் நம்முடைய எண்களை ஏற்றி ஃபில்டரையே நாம் எழுதிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஏற்றினால் பாட்டு நன்றாகிவிடுமா? பல்லடத்து அண்ணன் இதைத்தான் செய்துகொண்டிருப்பதாகக் கேள்வி. சொல்லுங்கண்ணா.

ஜனவரி 5, இரவு 9.15

தம்பி, செய்துகொண்டுதான் இருக்கிறேன், மூன்று வாரமாக. பகலெல்லாம் பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை, ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் இதற்கு உட்கார முடிகிறது. தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் ஃபில்டர் எதற்கு என்று பிடித்துக்கொள்ளுங்கள். சிடியில் ஒரு நொடி ஒலிக்கு 44,100 மாதிரிகள் (சாம்பிள்) இருக்கின்றன. அதில் 22.05 கிலோஹெர்ட்ஸ் வரை மட்டும்தான் இசை இருக்க முடியும். ஆனால் அந்த மாதிரிகளை அப்படியே படிக்கட்டாக வெளியே விட்டால், இசையின் பிம்பம் அந்த எல்லைக்கு மேலேயும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி நிற்கும். 20 கிலோஹெர்ட்ஸ் டோனுக்கு 24.1-ல் ஒரு பிம்பம். அதை வெட்டத்தான் ஃபில்டர். மாதிரிகளுக்கு நடுவே புது மாதிரிகளைக் கணக்குப் போட்டு நிரப்பி, எட்டு மடங்கு வேகத்துக்குக் கொண்டுபோய், அதாவது 352.8 கிலோஹெர்ட்ஸில், வெளியே விடுகிறார்கள். எப்படி நிரப்புவது என்பதைச் சில எண்கள் தீர்மானிக்கின்றன. அந்த எண்களைத்தான் நாம் மாற்றப்போகிறோம்.

சிப்பில் இதற்கு இரண்டு கட்டம். முதல் கட்டத்துக்கு 128 எண், இரண்டாவதுக்கு 16 எண். ஒவ்வொன்றும் 24 பிட். ஐ-டூ-சி என்கிற இரண்டு கம்பி இணைப்பு வழியாக ஒரு சின்ன கன்ட்ரோலரிலிருந்து எழுதலாம். நான் ஆர்டுவினோ நானோ வைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: நானோ 5 வோல்ட், சிப் 3.3 வோல்ட். நடுவே வோல்ட்டை இறக்கிக் கொடுக்கிற லெவல் ஷிஃப்டர் போடுங்கள். பழைய ஸ்டாக் நானோ வேண்டாம் என்றால் 3.3 வோல்ட் போர்டாகவே வாங்குங்கள்.

ஜனவரி 6, காலை 6.30

நேற்றுத் தூக்கத்தில் விட்டது ஒன்று. நானோவுக்கு எழுதுகிற புரோகிராமில் சாதாரண இன்ட், அதாவது முழு எண் வகை, 16 பிட்தான். 24 பிட் எண் 8388607 வரை போகும், கழித்தல் எண்களும் உண்டு. நான் முதல் நாள் இன்ட் என்று அறிவித்துவிட்டு, ஹெட்போனில் தறி குடோனே உள்ளே வந்த மாதிரி ஒரு இரைச்சல் கேட்டு அரைமணி நேரம் சால்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். 32 பிட் வகையில் வைத்துக்கொண்டு, கீழ் மூன்று பைட்டை மட்டும் அனுப்புங்கள். இரைச்சல் வந்தால் சால்டரிங் அயர்னை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்.

ஜனவரி 9, இரவு 11.00

எண்களை எங்கே செய்வது என்று கோபியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பைத்தானில் சைபை என்கிற கணக்குத் தொகுப்பு போதும். நான் கைசர் விண்டோ என்கிற ஃபில்டர் கணக்கு முறை வழியாகத்தான் செய்கிறேன். 1972-ல் பார்க்ஸும் மெக்லெல்லனும் கொடுத்த முறை ரீமெஸ் என்ற பெயரில் அதிலேயே இருக்கிறது, அதுவும் நல்லது.

128 எண் என்பது நிறைய மாதிரித் தெரியும், ஆனால் போதாது. முதல் கட்டத்தை 88.2 கிலோஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால், 100 டெசிபல் வெட்ட வேண்டுமென்றால், சரிவுக்கு மட்டும் சுமார் 4.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் தேவைப்படுகிறது. 22.05-ல் முழுதாக வெட்டியிருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், 17.6-லேயே இறங்க ஆரம்பித்தாக வேண்டும். 20 வரை சமமாக வேண்டும் என்றால் பிம்பத்தில் கொஞ்சம் உள்ளே வரும். ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் கால் தெரிகிற போர்வைதான். மீதியெல்லாம் இந்தப் போர்வையை யார் எந்தப் பக்கம் இழுக்கிறார்கள் என்பதுதான்.

இரண்டு ஃபில்டர் செய்திருக்கிறேன். ஒன்று செங்குத்தாக வெட்டுவது. இன்னொன்று மெதுவாக இறங்குவது, 17 கிலோஹெர்ட்ஸிலேயே 2 டெசிபல் குறைந்திருக்கும்.

மெதுவான ஃபில்டர் ரொம்ப நன்றாக இருக்கிறது. உண்மையாகவே. போன வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு எங்கள் ஊர் மைதானத்தில் பெருஞ்சலங்கையாட்டம் நடந்தபோது கையடக்க ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தேன். இருபது பேர் ஒரே அடியில் காலைத் தட்டுவார்கள், சலங்கை ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவுக்கு மேல். அதை இதுவரை எதில் போட்டாலும் தகரத்தைக் கொட்டுகிற மாதிரிதான் கேட்டது. மெதுவான ஃபில்டரில் முதல்முறையாகப் பித்தளை மாதிரிக் கேட்டது.

ஜனவரி 11, இரவு 10.20

என் செங்குத்து ஃபில்டரும் சிப்பினுடையதை விட நன்றாக இருக்கிறது. அடி அழுத்தமாக விழுகிறது, குரல் முன்னால் வருகிறது.

ஜனவரி 12, இரவு 8.50

நேற்று எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைக்கு மல்டிமீட்டரை வைத்து 400 ஹெர்ட்ஸ் டோனை அளந்தேன். சிப்பின் ஃபில்டரில் 0.85 வோல்ட், என்னுடையதில் 1.01 வோல்ட். ஒன்றரை டெசிபல் சத்தம் கூட. என் எண்களின் கூட்டுத்தொகையை நான் சரிசெய்யவே இல்லை. சத்தம் கொஞ்சம் கூடினால் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "நன்றாக இருக்கிறது" என்று சொல்லும். முன்னால் வந்த குரலெல்லாம் அந்த ஒன்றரை டெசிபல்தான்.

எல்லா ஃபில்டரையும் 0.1 டெசிபலுக்குள் சமப்படுத்திவிட்டேன். இனி அளக்காமல் எதையும் எழுதமாட்டேன்.

மெதுவான ஃபில்டரில் சலங்கை மட்டும் சமப்படுத்திய பிறகும் இதமாகத்தான் இருக்கிறது. அது சத்தத்தால் இல்லை.

ஜனவரி 13, மதியம்

ஃபில்டரே இல்லாமல் விட்டால் என்ன என்று கேட்டவருக்கு: விடலாம், விட்டுக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் படிக்கட்டு அலையாலேயே 20 கிலோஹெர்ட்ஸில் 3.2 டெசிபல் இறங்கிவிடும், பிம்பங்கள் அத்தனையும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும். 1982-ல் சிடி வந்தபோது சோனி ஃபில்டர் வேலையை முழுக்க அனலாக் பகுதியிடம் விட்டது, பிலிப்ஸ் 14 பிட் சிப்பை வைத்துக்கொண்டு நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (நடுவே மாதிரி நிரப்புகிற அதே வேலை) செய்தது. இந்தப் பேச்சுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

டிவியோடு சேர்த்தால் உதடும் குரலும் ஒட்டாதா என்ற கவலை வேண்டாம். 128 எண் சமச்சீர் ஃபில்டரின் தாமதம் முக்கால் மில்லிசெகண்ட் கூட இல்லை.

ஜனவரி 18, இரவு 9.40

பொங்கல் முடிந்தது. இந்த வருஷமும் பதிந்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முன்னொலி பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சமச்சீரான ஃபில்டரில் ஒரு கைத்தட்டலைப் போட்டால், தட்டலுக்கு முன்னாலேயும் பின்னாலேயும் சின்ன அலைகள் ஒரே மாதிரி நிற்கும். இயற்கையில் தட்டும் முன் சத்தம் வராது, அதனால் இது தப்பு என்று ஒரு கட்சி. மினிமம் ஃபேஸ் ஃபில்டரில் எல்லா அலையும் பின்னால் தள்ளப்படும். ஆஸிலோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் கிணறும் குளமும் மாதிரி வேறு வேறாகத் தெரியும். ஆனால் அந்த அலையின் சுருதி 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம். எனக்கு 13-க்கு மேல் கேட்பதில்லை, டோன் போட்டுச் சோதித்தேன். எட்டாவது படிக்கிற சின்னவளுக்கு 17 வரை கேட்கிறது. அவளுக்கே எட்டாத உயரத்தில் நடக்கிற விஷயம் இது.

இதில் எனக்குப் பிடித்த யோசனை பீட்டர் கிரேவன் 2004-ல் எழுதியது. பதியும்போதே ரெக்கார்டரின் ஃபில்டர் 22.05 பக்கம் ஒரு அலையை விட்டுவிடுகிறது. திருப்பிக் கேட்கும்போது அதற்குக் கொஞ்சம் கீழேயே மெதுவாக வெட்ட ஆரம்பித்தால், பழைய அலையும் சேர்ந்து போய்விடும், நம் ஃபில்டரின் அலை மட்டும் மிச்சம். 17.6-லிருந்து 22.05-க்குள் முழுதாக வெட்டுகிற ஒன்றை இப்போது எழுதி ஏற்றியிருக்கிறேன். இனி நான் மூன்றாவது என்றால் இதுதான்.

ஜனவரி 20, இரவு 10.05

மூன்றாவதை இரண்டு நாளாகக் கேட்கிறேன். சலங்கை மறுபடி தகரமாகிவிட்டது. ஏன் என்று புரியவில்லை. கணக்குப்படி இது மெதுவானதை விட ஒழுங்கான ஃபில்டர்.

ஜனவரி 22, இரவு 9.30

புரிந்தது, பாதி. சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தினார்கள். ஏற்றிய எண்கள் சிப்பின் ராமில்தான் இருக்கின்றன, கரண்ட் போனால் அழிந்துவிடும். டிஏசி போர்டு கரண்ட் வந்ததும் எழுந்து சிப்பின் சொந்த ஃபில்டரைப் போட்டுக்கொண்டது. நானோவோ லேப்டாப்பின் யூஎஸ்பியில் தொங்கிக்கொண்டு பேட்டரியிலேயே ஓடியிருக்கிறது, அது மறுபடி எழவே இல்லை, அதனால் எண்களையும் அனுப்பவில்லை. இரண்டு நாளும் நான் கேட்டது மூன்றாவது ஃபில்டரையே இல்லை. 20-ஆம் தேதி எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள்.

ஈரோட்டுத் தம்பி, நீங்கள் செய்யும்போது இரண்டுக்கும் ஒரே சப்ளையிலிருந்து எடுங்கள். ஒன்று விழுந்தால் இன்னொன்றும் விழட்டும்.

ஆனால் மூன்றாவதை உண்மையாகவே ஏற்றிக் கேட்டபோதும் சலங்கையில் அந்தத் தகரம் கொஞ்சம் இருக்கிறது. அதுதான் மிச்சப் பாதி.

ஜனவரி 26, மாலை 5.00

விடுமுறை நாள், தறியும் ஓடவில்லை, வீடு அமைதி. சின்னவளை உட்கார வைத்துக் கண்கட்டுச் சோதனை செய்தேன். ஃபில்டரைச் சிப்பில் மாற்றும்போது டக்கென்று ஒரு ஒலி வந்து காட்டிக்கொடுக்கிறது. அதனால் கம்ப்யூட்டரிலேயே ஒவ்வொரு ஃபில்டரையும் போட்டு 352.8-ல் கோப்பாக்கி, எது எதுவென்று தெரியாமல் கலைத்துப் போட்டேன். ஒவ்வொரு ஜோடிக்கும் 16 தடவை. 12 சரியாகச் சொன்னால்தான் குருட்டாம்போக்கு இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

சமச்சீர், மினிமம் ஃபேஸ்: அவள் 7, நான் 8. இருவருக்கும் தெரியவில்லை.

செங்குத்து, மெதுவானது, சலங்கைப் பதிவில்: நான் 9, அவள் 13.

பதிமூன்று! பேனாவை வைத்துவிட்டு அவளை இன்னொரு தடவை கேட்கச் சொல்லலாமா என்று தோன்றியது, பாவம் விளையாடப் போகட்டும் என்று விட்டேன். மெதுவான ஃபில்டரில் 17 கிலோஹெர்ட்ஸில் 2 டெசிபல் குறைகிறது. அவளுக்கு 17 கேட்கும், எனக்குக் கேட்காது. விஷயம் முடிந்தது. மெதுவான ஃபில்டர் இதமாகத் தெரிவது மேல்சுருதி குறைவதால்தான்.

ஜனவரி 27, காலை 7.10

விஷயம் முடியவில்லை. 17 கேட்காத எனக்கும் மெதுவானது இதமாகத்தான் தெரிந்தது, முதல் நாளே. கண்ணைக் கட்டியபோது அது எனக்கு நிற்கவில்லை, அது வேறு. ஆனால் அவள் எதை வைத்துக் கண்டுபிடித்தாள் என்று கேட்டேன். "உஸ்ஸுன்னு வர்றது இல்லப்பா, ஒண்ணுல அடி விழும்போது கிழியுது" என்றாள். மேல்சுருதி குறைந்தால் யாரும் "கிழியுது" என்று சொல்லமாட்டார்கள்.

ஜனவரி 30, இரவு 11.50

கண்டுபிடித்துவிட்டேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிட்டே படுக்கிறேன்.

போன வருஷப் பதிவு சத்தம் குறைவாக இருந்ததென்று, அப்போதே அதை ஆடாசிட்டி என்கிற ஒலித் திருத்த மென்பொருளில் போட்டு உச்சத்தைக் கூரை வரை, அதாவது 0 டெசிபல் வரை ஏற்றி வைத்திருந்தேன். மாதிரி எதுவும் கூரையைத் தாண்டவில்லைதான். ஆனால் ஃபில்டர் மாதிரிகளுக்கு நடுவே புது மாதிரி போடுகிறதல்லவா, உண்மையான அலையின் உச்சி இரண்டு மாதிரிக்கு நடுவே நின்றால் அது கூரைக்கு மேலே போகும். போக இடமில்லை, வெட்டுப்படும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இதைச் செய்து பாருங்கள். நான்கே மாதிரி கொண்ட ஒரு கோப்பு: +1, +1, −1, −1. அதையே திரும்பத் திரும்ப. அது 11.025 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை, மாதிரிகள் உச்சிக்கு இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விழுந்திருக்கின்றன. உண்மையான உச்சி 3 டெசிபல் மேலே. நண்பர் பட்டறையிலிருந்து ஸ்கோப்பை இரவல் வாங்கி வந்து பார்த்தேன். என் போர்டில் அலையின் தலை சீவிவிட்ட இளநீர் மாதிரி தட்டையாக இருந்தது. கோப்பைக் கம்ப்யூட்டரிலேயே 3 டெசிபல் குறைத்துப் போட்டேன், உருண்டுவிட்டது. அப்படியே பார்த்துக்கொண்டே நின்றேன்.

சலங்கை, கைத்தட்டு, உடுக்கை எல்லாம் மேல்சுருதி அதிகம் உள்ளவை, அடியும் திடீரென்று விழுவது. செங்குத்தாக வெட்டுகிற ஃபில்டர் அந்த இடத்தில் அதிகம் தாண்டும், மெதுவாக இறங்குவது குறைவாகத் தாண்டும். மெதுவானது இதமாகத் தெரிந்ததற்கு அதுதான் காரணம். அதில் வெட்டு குறைவு. "கிழியுது" என்று அவள் சொன்னது சரியான சொல். கண்கட்டுச் சோதனைக்குச் செய்த கோப்புகளிலும் அதே வெட்டு இருந்தது, அவற்றையும் கூரையோடு ஒட்டித்தான் எழுதியிருந்தேன்.

பிப்ரவரி 2, இரவு 8.30

எல்லாவற்றையும் ஃபில்டருக்கு முன்பே 4 டெசிபல் குறைத்துவிட்டு அதே சோதனையை மறுபடி செய்தோம். செங்குத்து, மெதுவானது: நான் 8, அவள் 10. பத்து என்பது நாணயம் சுண்டினாலும் வரக்கூடியது. 26-ஆம் தேதி நான் எழுதிய 17 கிலோஹெர்ட்ஸ் விளக்கத்தை விட்டுவிடுங்கள்.

குறைத்தது, குறைக்காதது, அதே செங்குத்து ஃபில்டர், ஆம்ப்பில் சத்தத்தைச் சமப்படுத்திய பிறகு: அவள் 15, நான் 14. எனக்கும் தெரிந்தது!

பிப்ரவரி 3, காலை 6.45

கோபிக்காரருக்கு: சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் குறைத்தால் பயன் இல்லை. வெட்டு அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பிளேயரிலேயே, அதாவது மாதிரி சிப்புக்குப் போகும் முன்பே குறைக்க வேண்டும். 24 பிட்டில் அனுப்பினால் 4 டெசிபலில் இழப்பு ஒன்றும் இல்லை. சத்தத்தைக் கூரையோடு ஒட்டி வெளியிட்ட சிடிகளிலும் இதே கதை நடக்கும், உங்களிடம் இருப்பதில் ஒன்றிரண்டைப் போட்டுப் பாருங்கள்.

பிப்ரவரி 8, இரவு 9.20

ஈரோட்டுத் தம்பி முதலில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது, எழுதினால் நன்றாகிவிடுமா என்று. என் காதில், என் வீட்டில்: முதலில் 4 டெசிபல் குறையுங்கள். அதற்குப் பிறகு மெதுவான ஃபில்டருக்குக் காரணமே இல்லை, பிம்பத்தை உள்ளே விடுவதுதான் மிச்சம். அதை அழித்துவிட்டேன். நான் வைத்திருப்பது மூன்றாவது. சிப்பின் செங்குத்து ஃபில்டரோடு அதை ஒப்பிட்டு அவளும் நானும் 9, 8 தான் எடுத்தோம், காதுக்குத் தெரிகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் 22.05-க்கு மேல் எதுவும் ஆம்ப்புக்குப் போவதில்லை, அவளுடைய 17 வரை தொடுவதும் இல்லை. போர்வையை இப்படி இழுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எண்களை நாளை ஏற்றி வைக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுதினது வீணா என்றால், இல்லை. எழுதாமல் இருந்திருந்தால் அந்தக் கூரையை நான் பார்த்திருக்கவே மாட்டேன், ரெக்கார்டரைக் குறை சொல்லிக்கொண்டு இன்னொன்று வாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 15, மாலை 6.10

இந்த வருஷப் பொங்கல் பதிவைச் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். இந்த முறை ரெக்கார்டரை நாலடி தள்ளி வைத்து, அளவையும் குறைத்து வைத்திருந்தேன், அதில் பிறகு எதையும் ஏற்றவில்லை.

இன்று ஆட்டத்து வாத்தியார் தோட்டத்து மோட்டாரைக் காயில் கட்டக் கொண்டுவந்தார். வேலை முடிகிறவரை உட்காருங்க என்று ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் விரலால் அடி எண்ணிக்கொண்டே கேட்டார். மூன்றாவது சுற்று வரும்போது ஹெட்போனைக் கழற்றினார். "பின்வரிசைல ஒருத்தனுக்கு வலதுகால் பிந்துதுங்க. அன்னைக்கு எனக்கே தெரியல. யாருன்னு பாக்கோணும், இன்னொருக்கா போடுங்க" என்றார். போட்டேன்.